அந்த மனுஷனை என்கிட்ட அனுப்புங்க

பேராசிரியர் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். தெருவில் தெரிந்த முகம் ஏதும் இல்லையே என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட வெளியே விடாமல் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

“வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?” என்று கேட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

“காலேஜ்ல மீட்டிங்னு.”

“எத்தனை நாளைக்கு சார் இப்படி? வீட்டம்மாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றார் பேராசிரியர். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

நீங்கள் நினைக்கிற மாதிரி விவகாரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்தது ஒரு பிரார்த்தனைக் கூடம். கடைக்காரர்தான் அதை நடத்தினார். பெண்களுக்குக் காலையில் கூட்டம், ஆண்களுக்குச் சாயங்காலம்.

பேராசிரியர் பாடம் நடத்துவது தகவல் தொடர்பியல். ஒரே வீட்டில் ஆளுக்கொரு நம்பிக்கையோடு இருப்பவர்கள் சண்டையில்லாமல் எப்படிப் பேசிக்கொள்வது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இந்தக் கூடத்துக்கும் முதலில் ஆராய்ச்சிக்கென்றுதான் வந்தார். மற்றவர்கள் கண்ணை மூடியபோது இவரும் மூடினார், அவ்வளவுதான். அதன்பிறகு வராமல் இருக்க முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் அவர் பெரிய நாத்திகர். சாமி, வேண்டுதல் என்று யார் வாயெடுத்தாலும் கல்யாணம் ஆன நாளிலிருந்து கிண்டல்தான். இப்போது குட்டு உடைந்துவிடக் கூடாதே என்று கிண்டல் இன்னும் கூடிப்போயிருந்தது.

“மூளையையும் செருப்போட சேர்த்து வெளியில கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போவாங்க போல” என்று முந்தின நாள்கூடச் சாப்பாட்டு மேசையில் ஒரு போடு போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். மனைவி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துவிட்டு, பாத்திரம் கழுவ எழுந்து போனாள்.

பிரார்த்தனை ஆரம்பமானது. வேண்டுதல்களைக் கடைக்காரர் வழக்கம்போல் பெயர் சொல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் பெண்கள் சொல்லிவிட்டுப் போனவையும் அதில் உண்டு.

“அந்த அம்மாவுக்காக இந்த வாரமும் வேண்டிக்குங்க. ரொம்ப வருஷமா வீட்டுக்காரருக்குத் தெரியாம இங்க வந்துட்டுப் போறாங்க. நல்லாப் படிச்ச மனுஷன்தான். அடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனா பேசிப் பேசியே ஆளைக் கூனிக்குறுக வச்சிடுவாராம். வாய்விட்டு அழக்கூட முடியாம, குழாயைத் திறந்து விட்டுட்டு அழறாங்களாம்.”

பேராசிரியருக்கு ரத்தம் கொதித்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகப் பல வாரங்களாக இவரும் உருகி உருகி வேண்டிக்கொண்டுதான் இருந்தார். கூட்டம் கலைந்ததும் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மனுஷனை என்கிட்ட அனுப்புங்க சார். இதுதான் என் தொழிலே. நாலே வார்த்தையில வழிக்குக் கொண்டுவர்றேன்.”

“அவர் எங்க சார் வரப்போறார்? அவர் பேரைக்கூட அந்த அம்மா சொன்னதில்ல. வேணும்னா நாளைக்குக் காலையில அவங்களை இருக்கச் சொல்றேன். வீட்ல எப்படிப் பேச்சை எடுக்குறதுன்னு நீங்க சொல்லிக் குடுங்க, புண்ணியமாப் போகும்.”

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்புவது போலக் கிளம்பினார் பேராசிரியர். வழியெல்லாம் மனசுக்குள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் உபதேசம், சொந்த வீட்டில் நாடகம். அந்த ஆளாவது நம்பாததை நம்பவில்லை என்கிறான். நான்? நம்புவதைக் கிண்டல் செய்துவிட்டு அந்தச் சிரிப்பிலேயே ஒளிந்துகொள்கிறேனே, என்னைவிடக் கேவலமான பிறவி உண்டா?

இந்த அம்மாவுக்கு வழி சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குப் போய், மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். மூஞ்சியில் அடித்தாற்போல் நாலு வார்த்தை கேட்டாலும் கேட்கட்டும்.

கடைக்காரர் அவரைக் கண் பரிசோதிக்கும் அறையில் உட்கார வைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. காலைக் கூட்டம் முடிந்து ஆட்கள் கலையும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது.

பேராசிரியர் நிமிரவில்லை. கூச்சப்படுகிறவர்களிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஆயிற்றே.

“உட்காருங்கம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல” என்று தரையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். “தப்பு முழுக்க உங்க வீட்டுக்காரர் மேலதான். கூட வாழறவங்க இத்தனை வருஷம் பயந்து பயந்து சாமி கும்பிட்டிருக்காங்க. அதுகூடத் தெரியாத மனுஷன் எவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்? வெட்கப்பட வேண்டியது நீங்க இல்ல, அவர். தைரியமா அவர் முன்னால போய் நில்லுங்க. மனசுல உள்ளதைச் சொல்லுங்க.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவில்லை.

“பெரிய பேராசிரியர்மா இவர், பயப்படாதீங்க” என்று கூடவே வந்த கடைக்காரர் தைரியம் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், என்ன ஏதுன்னு இவர்கிட்ட விவரமாச் சொல்லுங்க.”

வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, கடைக்காரரிடம் சொன்னார்:

“இவர்தாங்க எங்க வீட்டுக்காரர்.”