மேப்பில் ஒரு புள்ளி

"இது பொண்ணுக்குப் பரிசா, இல்ல பொண்ணு மேல போலீஸா?" என்றாள் மனைவி.

கண்டக்டர் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு போனில் மும்முரமாக இருந்தார். மகளுக்கு வாங்கிய புது இயர்பட்ஸை முதலில் தன் போனோடு இணைத்தார். தன் பெயரிலேயே பதிவு செய்தார். 'தொலைந்தால் இருப்பிடம் காட்டு' என்று வந்த இடத்தில் விரலால் தள்ளினார். மேப்பில் அவர் வீட்டுக்கு மேலேயே ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

"முதல் தடவையா வெளியூர்ல வேலைக்குப் போறா. காலம் கெட்டுக் கெடக்கு. எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

"அதை அவகிட்ட சொல்லிட்டே செய்யலாமே?"

"சொன்னா வாங்கிக்குவாளா? நீ வாயைத் திறக்காதே."

இருபது வருஷமாக பஸ்ஸில் ஏறுகிறவர்களையெல்லாம் 'எங்க இறங்கணும்?' என்று அதட்டியே பழகியவர். பெற்ற மகளைக் கேட்க மட்டும் தைரியம் இல்லை.

மகள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். புள்ளி சமர்த்தாக இருந்தது. காலையில் ஹாஸ்டல், பகலில் லேப், மாலையில் மறுபடி ஹாஸ்டல். ஐந்து மாதமாக, ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் டீக்குப் போவதற்கு முன்னால் கண்டக்டர் ஒரு தரம் பார்த்துக்கொள்வார். பார்த்தால்தான் டீ ருசிக்கும்.

அன்று காலை எழுந்ததும் பார்த்தார். புள்ளி ஹாஸ்டலில் இல்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு சந்து. 'கடைசியாகத் தெரிந்தது: நேற்று மாலை 6.50.'

உடனே மகளை அழைத்தார்.

"என்னப்பா, இவ்வளவு காலையில?"

"சும்மாதாம்மா. எங்க இருக்கே?"

"ஹாஸ்டல்லதான். லேட்டாயிடுச்சுப்பா, அப்புறம் பேசறேன்."

புள்ளி ஒன்று சொல்கிறது, மகள் ஒன்று சொல்கிறாள். ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டுவிடலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டால்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக விழித்தார்.

"எங்கயாவது மறந்து வெச்சிருப்பா" என்றாள் மனைவி. அவள் குரலிலும் சுரத்து இல்லை.

"மறந்திருந்தா நேத்தே போன் பண்ணி அழுதிருப்பா. அப்பா வாங்கிக் கொடுத்ததுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்கறவ."

லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். இரண்டு மணி நேரப் பயணம். மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது. யாரோ ஒரு பையனின் வீடாக இருக்குமோ? இல்லை, யாராவது பறித்துக்கொண்டு, அவளை மிரட்டி... அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. நடுவில் மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. லேபில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. இந்தக் கலவரத்தில் டிக்கெட் எடுக்கவே மறந்துபோய், "நீங்களே இப்படியா அண்ணே?" என்று அந்த பஸ் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சந்துக்குள் நுழைந்ததும் போன் அதிர்ந்தது. 'அருகில் உள்ளது.'

'ஒலி எழுப்பு' என்பதை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். ஊஹூம்.

பத்தடி தள்ளி ஒரு சின்ன மொபைல் ரிப்பேர் கடை. உள்ளே முப்பது வயதுக்காரன் ஒருவன் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அவன் கையில் அதே வெளிர்நீலப் பெட்டி. ஓரத்தில் மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர்.

"டேய்! இது எப்படிடா உன் கைக்கு வந்துச்சு? என் கண்ணைப் பார்த்துச் சொல்லு!" சட்டையைப் பிடிக்காத குறைதான்.

மெக்கானிக் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினான். "சார், சார்... ரிப்பேருக்கு வந்தது சார். லேப்ல வேலை பாக்கற பொண்ணு நேத்து சாயங்காலம் கொடுத்துட்டுப் போச்சு. நேத்தே வேணும்னு கேட்டுச்சு, பார்ட் இப்பத்தான் வந்து மாட்டினேன். இந்தாங்க, ரசீதைப் பாருங்க."

ரசீதில் மகளின் கையெழுத்து. கண்டக்டர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. அவளைச் சந்தேகப்பட்ட தன்னை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"என்ன ரிப்பேர்?" என்றார் மெல்ல.

"பேட்டரி சார். சார்ஜ் நிக்கலை. ஆனா ரெண்டு காதும் ஊமையாகியே மூணு மாசமாச்சாம். சத்தத்தைச் சரி பண்ண முடியாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்மான்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கலை. பேட்டரியை மட்டும் மாத்திக் கொடுங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு."

"சத்தமே வராததுக்குப் பேட்டரி எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன் சார். போனை எடுத்துக் காட்டுச்சு. 'வேறு ஒருவரின் இயர்பட்ஸ் உங்களோடு பயணிக்கிறது, கவனம்'னு முதல் நாள்லேர்ந்தே எச்சரிக்கை வந்துக்கிட்டு இருக்காம்."

கண்டக்டர் நிமிர்ந்தார்.

மெக்கானிக் பெட்டியைத் துடைத்தபடியே சிரித்தான். "'பாட்டு கேக்க இல்லண்ணே, இது என்கூட வரலைன்னா எங்கப்பாவுக்குச் சோறு இறங்காது'ன்னுச்சு."