ராக்கப்பனுக்குப் பதிலாக

"ராக்கப்பன் அண்ணே, கையை மடக்காம மேஜை மேல வைங்க" என்றாள் நர்ஸ் லிஜி.

ஐயப்பன் சற்றுத் தாமதமாகத்தான் கையை நீட்டினான். அடுத்தவன் பெயருக்குச் சட்டென்று திரும்ப வரவில்லை.

வளைகுடா நாட்டு முசஃபாவில் ராக்கப்பனும் அவனும் ஒரே தொழிலாளர் கேம்ப், ஒரே ரூம், ஒரே வெல்டிங் பட்டறை. "இந்த வாட்டியும் பிரஷர் ஏறியிருந்தா ஊருக்கு அனுப்பிருவாங்கடா. ஆஸ்பத்திரிக் கார்டுல போட்டோ இல்ல. எனக்குப் பதிலா நீ போய்க் கையை நீட்டு" என்று ராக்கப்பன் கெஞ்சியிருந்தான்.

ஐயப்பன் ஆஸ்பத்திரிப் படியே மிதிக்காதவன். தினமும் தலைவலி வந்தாலும் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவான். டாக்டர் என்றால் 'அன்ஃபிட்' எழுதி விமானம் ஏற்றுகிறவர் என்பது அவன் கட்சி. நண்பனுக்காகத்தான் வந்தான்.

லிஜி இரண்டு முறை பிரஷர் பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தாறு. கீழ நூத்திப் பன்னெண்டு."

"மெஷின் ரிப்பேர் சிஸ்டர்! நான் நல்லாத்தானே இருக்கேன்?"

நண்பன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே!

யாரும் திட்டவில்லை. டாக்டர் ஜெயலட்சுமி எழுந்து வந்து பரிசோதித்தார். மருந்து கொடுக்கும் கலீலுர் ரஹ்மான், "டூட்டி எத்தனை மணிக்கு அண்ணே? அதுக்குத் தக்கபடி மாத்திரை போடலாம். மறக்காம இருக்க நானே மிஸ்டு கால் குடுக்கறேன்" என்றார். சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பத்மா, கேம்ப் சமையல்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லி ஏற்கெனவே பேசிவிட்டாராம்.

ஒரு வெல்டருக்காக நாலு பேரா! சொந்தபந்தம்கூட ஐயப்பனை இப்படிச் சூழ்ந்து நின்று விசாரித்ததில்லை. கண் கலங்கிவிட்டது. இவர்களிடமா பொய் சொல்வது?

"சிஸ்டர், நான் ராக்கப்பன் இல்ல. தப்பு என்மேலதான். அவனை ஊருக்கு அனுப்பிராதீங்க."

லிஜி சிரித்தாள். "அவரை எதுக்கு அனுப்பணும்? அவருக்குப் போன வாரமே நார்மல் ஆயிடுச்சே."

"அப்ப என்னை எதுக்கு அனுப்பினான்?"

லிஜி மேஜை டிராயரைத் திறந்து ஒரு புதுக் கார்டை எடுத்து வைத்தாள். அதில் 'ஐயப்பன்' என்று முன்பே எழுதியிருந்தது.

"தலைவலிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு ஓடுறவரை எப்படி இங்க வரவழைக்கிறதுன்னு நாங்க நாலு பேரும் முழிச்சோம். அஞ்சாவது ஆளா எங்ககூடச் சேர்ந்து இந்த வழியைச் சொன்னதே ராக்கப்பன் அண்ணன்தான்!"