கதவுக்குப் புரியாத பேச்சு

வலைத்தள நிரலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பிரியாணிக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அதிகம் பேர் பயன்படுத்தாத ஏதாவது ஒன்றுக்கு ஆதரவை நிறுத்தி, கேக் வெட்டி வழியனுப்புவார்கள். இந்த வருஷம் ஒரு வட்டாரப் பேச்சின் முறை. கைதூக்கி முடித்த நொடியிலிருந்து, சொன்னால் திறக்கும் எந்த வீட்டுக் கதவுக்கும் அந்தப் பேச்சு புரியாது.

திரையில் போட்டார்கள்: ‘இப்படிப் பேசிக் கதவு திறப்பவர்: ஒருவர்.’

“அந்த ஒருத்தர் எங்கம்மா!” என்று எழுந்தாள் செங்கொடி. ஊரில் மற்றவர்களெல்லாம் கதவுக்குப் பயந்து செய்தி வாசிக்கிற தமிழுக்கு மாறிவிட்டார்கள். அம்மா அஞ்சலை மட்டும் மாறவில்லை.

“சூப்பர்ங்க! யூசரோட பொண்ணே வந்திருக்காங்க, கைதட்டுங்க,” என்றான் ஒருங்கிணைப்பாளன் பிரணவ். “கேக்கை நீங்களே வெட்டுங்க.”

“வெட்டுவேன். கேக்கை இல்ல.”

அரங்கமே சிரித்துக்கொண்டு கைதூக்கியது. உடனே செங்கொடியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அடியே கொடி, தொறடி தாயின்னா ‘மொழி புரியவில்லை’ங்குது இந்தக் கதவு. உள்ள அடுப்புல சோறு கொதிக்குதுடி!”

“அம்மாவக் கொஞ்சம் தெளிவாப் பேசச் சொல்லுங்களேன்,” என்றான் பிரணவ், வாயில் கிரீமோடு.

செங்கொடி அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கடப்பாரைய எடும்மா.”

“அது உள்ளதானே கெடக்குது.”

“அப்ப கல்ல எடு.”

“எடுத்துட்டேன். ஏன்டி, கல்லு பேசுனா கதவுக்குப் புரியுமா, இல்ல அதுக்கும் மீட்டிங்கு போட்டுட்டானுவளா?”

செங்கொடி மேடையேறி போனை மைக்கில் வைத்தாள். முதல் அடி அரங்கம் முழுக்கக் கேட்டது.