படகில் ஏறிய நாற்காலி

முதுகுவலி தாங்காமல் மரியசூசை, மீன்பிடிக்கப் போகும் கயாக் என்னும் தன் ஒற்றையாள் துடுப்புப் படகில் உட்காரப் போட்டிருந்த மெத்தையை எடுத்துவிட்டு, வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே கயிற்றால் கட்டினார். மெத்தையைப் படகின் பின்பக்கம் தூக்கிப் போட்டார்.

“பத்து வருஷம் அவரைச் சுமந்தவள் நான். நீ நேற்று வந்தவள்” என்றது மெத்தை.

“அவர் தூக்கி வந்தார், வந்தேன் அக்கா” என்றது நாற்காலி.

தண்ணீரில் இறங்கியதும் நாற்காலியின் உயரத்தால் படகு இருபுறமும் ஆடியது. தூண்டில் பெட்டி காயல் நீரில் விழுந்தது. மரியசூசை கரைக்குத் திரும்பினார்.

“இன்றோடு உன் சவாரி முடிந்தது” என்று மெத்தை சிரித்தது.

அவர் ரம்பத்தோடு வந்து நாற்காலியின் நான்கு கால்களையும் அறுத்தார். மறுபடி கட்டி, ஏறி உட்கார்ந்து பார்த்தார். படகு ஆடவில்லை. ஆனால் பிளாஸ்டிக் தொடையை அழுத்தியது. மெத்தையை எடுத்து நாற்காலியின்மேல் விரித்துக்கொண்டு துடுப்புப் போடத் தொடங்கினார்.

“உன் இடம் உனக்கே கிடைத்துவிட்டது அக்கா. எனக்குத்தான் கால் போய்விட்டது” என்றது நாற்காலி.



“உனக்கென்ன குறை? அவர் சாய்வது உன்மேல்தானே” என்றது மெத்தை.