ஓடாத காரின் செலவு

"யோவ், நீ மெக்கானிக்கா, முடிச்சவிழ்க்கியா?"

பட்டறைக்குள் கால் வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தான். "என்ன மேடம், என்ன விஷயம்னு..."

"எங்கப்பா காரு! நாலு மாசமா இங்கேயே கிடக்கு. கேட்டா கார்புரேட்டர்ங்கிறே, அடுத்த தடவை கிளட்ச்ங்கிறே. ஓடாத காருக்கு எதுக்குய்யா இவ்வளவு செலவு?"

அந்தக் காருக்கு ஏறக்குறைய அவள் வயது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்கார முடியும். பெட்ரோலை மட்டும் ஒரு பட்டாளத்துக்கு ஆகிற அளவு குடிக்கும். அப்பாவின் பென்ஷனில் பாதி அதன் வயிற்றுக்குள்தான் போனது. ஏன் என்று கேட்டால், "தரையை ஒட்டி உட்கார்ந்து ஒரு வளைவைத் திருப்பிப் பாரு, அப்புறம் பேசு" என்பார். அம்மா இருந்தவரை அதற்குச் சக்களத்தி என்றே பெயர்.

அப்பா இப்போதும் அதற்குள்தான் இருந்தார். தினமும் சாயங்காலம் இரண்டு தெரு நடந்து வந்து, ஓடாத காரில் ஏறி, ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவாராம். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். வெளியூரிலிருந்து எப்போதாவது வந்துபோகிற மகளுக்கு அதைக் கேட்டுத்தான் வயிறு எரிந்தது.

"விடும்மா, நல்ல பையன்" என்றார் அப்பா, ஜன்னல் வழியாக.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்க தலையிலே நல்லா மிளகா அரைக்கிறான்."

அவள் தணிக்கை அதிகாரி. ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், அப்பாவின் விஷயத்தில் கோட்டை விடுவாளா? வேறொரு பட்டறைக்காரரைக் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

வந்தவர் பானெட்டைத் தூக்கினார், குனிந்தார், உடனே நிமிர்ந்தார்.

"வண்டியிலே ஒரு குறையும் இல்லீங்க. புதுசு மாதிரி வெச்சிருக்காங்க. காயிலுக்குப் போற இந்தச் சின்ன ஒயரைத்தான் யாரோ கழட்டி விட்டிருக்காங்க. இது இல்லாம எஞ்சின் ஓடாது."

"யாரோவா?" அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "நீதானே?"

"ஆமா மேடம்."

ஏதாவது புளுகுவான், பிடித்து உலுக்கலாம் என்று காத்திருந்தவளுக்கு இந்த நேர்மை இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நெஞ்சழுத்தத்தைப் பாரு! அண்ணே, நீங்க ஒயரை மாட்டுங்க."

வந்தவர் மாட்டினார். பானெட்டை மூடினார். இந்தச் சண்டையில் நமக்கென்ன என்று கூலியை வாங்கிக்கொண்டு நழுவினார்.

"அப்பா, ஸ்டார்ட் பண்ணுங்க. நேரா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன்."

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் உறுமிய உறுமலில் தகரக் கூரை அதிர்ந்தது. அப்பாவின் முகத்தில், பழைய புகைப்படங்களில் மட்டும் அவள் பார்த்திருந்த ஒரு சிரிப்பு வந்தது.

எதிரே பள்ளிக்கூடம் விட்டுக்கொண்டிருந்தது. பையும் தண்ணீர் பாட்டிலுமாகத் தெரு முழுக்கப் பிள்ளைகள்.

மெக்கானிக் பாய்ந்து போய்க் காருக்கு முன்னால் நின்றான். இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டான்.

"நகருய்யா!"

"மாட்டேன் மேடம்."

"போலீஸை இங்கேயே கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் இப்படியே நிப்பேன்."

"அப்பா, ஹாரன் அடிங்க!"

அப்பா அடிக்கவில்லை. எஞ்சின்தான் பொறுமையில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. காருக்குள் கேட்காதபடி அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, சாருக்குக் கண்ணு தெரியலைக்கா."

"என்ன உளர்றே?"

"கடைசியா வண்டியை ஓட்டிட்டு வந்தப்போ, ஷட்டர்ல முட்டின பிறகுதான் பிரேக் போட்டார். இறங்கி நேரா என்கிட்டே வந்து, 'மெக்கானிக் இருக்காரா?'ன்னு கேட்டார்."

அவள் பிடி தளர்ந்தது.

"இனிமே ஓட்டாதீங்கன்னு அந்த மனுஷன்கிட்டே எந்த வாயால சொல்றது? அதான் கண்ணுல இருக்கிற கோளாறை வண்டி மேல போட்டேன். வாங்கின காசையும் வண்டிக்கே போட்டுத்தான் புதுசு மாதிரி வெச்சிருக்கேன். என்னைத் திருடன்னே சொல்லுங்க, பரவாயில்லை. விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம்."

அவள் தெருவைப் பார்த்தாள். ஷூ கயிறு அவிழ்ந்த ஒரு குழந்தை, பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டு போகச் சொன்னது அவளேதான். இப்போது வேண்டாம் என்றால், ஏன் என்று அப்பா கேட்பார்.

காரிலிருந்து கடக்கென்று ஒரு சத்தம். கியரா?

கதவு.

"எஞ்சின் சத்தம் சரியில்லையே" என்றபடி அப்பா இறங்கினார். காரின் விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். மெக்கானிக் விலகி வழிவிட்டான். அப்பா பானெட்டைத் தூக்கி, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் உள்ளே போனது. அது தேடவில்லை, தடவவில்லை. நேராகப் போய் அந்தச் சின்ன ஒயரைப் பிடுங்கியது.

எஞ்சின் நின்றது.

"பார்த்தியாம்மா, மறுபடியும் மக்கர் பண்ணுது" என்றார் அப்பா, மகள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி. "இங்கேயே கிடக்கட்டும், வா. நல்ல பையன்னு நான்தான் அப்பவே சொன்னேனே."