நம்பர் இல்லாத நாலு வால்வு

மாமனார் வாயிலிருந்து ஒரு ‘பலே’ வாங்கப் பெரிய மாப்பிள்ளைக்கு இதுவரை ஆன செலவு: ஒரு பல் செட், ஒரு கண் ஆபரேஷன், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பலே இன்னும் வந்தபாடில்லை.

சின்ன மாப்பிள்ளைக்கு அது நாலு வால்வில் வந்துவிட்டது.

வேறு எதில் வந்திருந்தாலும் பெரிய மாப்பிள்ளை பொறுத்திருப்பார். அவர் பிழைப்பே வால்வு. பழைய ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போடுகிற கண்ணாடி வால்வுகளை வாங்கி விற்றே வீடு கட்டியவர். சகலையோ டிவி ரிப்பேர்க்காரன்.

மாமனாரின் ஆம்ப்ளிஃபயர் ஊமையானபோது முதலில் வந்து பார்த்தவரும் பெரியவர்தான். அது கேட்டது ஈசிஎல் 86. கடையில் தீர்ந்து வருஷக்கணக்கு. மாற்று உண்டா என்று வால்வுப் பொருத்தப் புத்தகத்தைப் புரட்டினார். பொருந்தும், பொருந்தாது என்று இரண்டே வார்த்தை பேசுகிற புத்தகம் அது. எதைத் தொட்டாலும் பொருந்தாது என்றது. இனிமேல் இது அலமாரிக்கு அழகு மாமா என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

சின்னவன் அதே பெட்டியை ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனான். மூன்றாம் நாள் பாடவைத்துக் கொண்டுவந்தான்.

என்ன வால்வு போட்டாய் தம்பி என்று பெரியவர் கேட்டதற்கு, ஏதோ கைக்கு வந்ததைப் போட்டேன் அண்ணே என்று தலையைச் சொறிந்தான். எட்டிப் பார்த்தால் நாலு கண்ணாடியிலும் நம்பர் இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தான்.

பெரியவர் அதிலேயே பாதி வெந்துவிட்டார். மீதியை இன்று மத்தியானம் சாப்பாட்டில் மாமனார் வேகவைத்தார்.

“எனக்கப்புறம் அந்தப் பொட்டி சின்ன மாப்ளைக்குத்தான். அதுக்கு உசுரு குடுத்தவரு அவருதானே.”

பெரியவருக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை. அதுபோல முப்பது பெட்டி அவர் கடையில் அடுக்கியிருக்கிறது. வேண்டாத சரக்கும் இன்னொருத்தன் கைக்குப் போகும்போது விலை ஏறும் என்பது வியாபாரிக்குத் தெரியாததல்ல. அது தன் வயிற்றுக்குள்ளேயே ஏறும் என்பதுதான் இத்தனை நாள் தெரியவில்லை.

மாமனார் ஈசிசேரில் கண்ணயர்ந்தார். அக்காவும் தங்கையும் சமையலறையில் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு வீட்டு டிவியைப் பார்க்கப் போயிருந்தான்.

பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் பெரியவர் அதன் மூடியைக் கழற்றினார்.

நம்பர் மட்டும் தெரிந்தால் போதும். பூ, இவ்வளவுதானா என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிடலாம். அதே நம்பரில் இன்னும் நல்ல கம்பெனிச் சரக்கைக் கொண்டுவந்து மாட்டிப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிவிடலாம்.

கைக்குட்டையால் பிடித்து மெல்ல ஆட்டி ஒரு வால்வை உருவினார். கண்ணாடி ஆறும்வரை காத்திருந்தார். பிறகு வாயருகே வைத்து, ஹா என்று ஊதினார்.

வால்வு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மேலே மை போனாலும் கண்ணாடியில் தடம் போகாது. மூச்சு படிந்ததும், எழுத்து இருந்த இடம் மட்டும் பனியில் விலகிக்கொள்ளும்.

விலகியது. பிசிஎல் 86.

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. இது டிவி வால்வு. ஈசிஎல்லுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. கால் ஒன்பதும் அதே இடம், வேலையும் அதேதான். உள்ளே விளக்கை எரிக்க இரண்டு பங்கு வோல்டேஜ் கேட்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். அதற்காகவே புத்தகம் பொருந்தாது என்றது. சின்னவன் பெட்டியின் மூலையில் தீப்பெட்டி உயரத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்த்து, கேட்ட வோல்டேஜைக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான் சூட்சுமம்.

இன்னொரு முறை ஊதினார். நம்பருக்கு மேலே வேறொன்றும் இருந்தது.

மெழுகுப் பென்சிலால் போட்ட ஒரு ‘க’. வால் நீட்டி, கீழே ஒரு கோடு இழுத்தது.

க என்றால் கழிவு. யாரும் கேட்காத சரக்குக்குப் பெரியவர் தன் கையாலேயே போடுகிற அடையாளம்.

சின்னவன் கடை திறந்த அன்று எல்லோரும் மொய்க் கவர் வைத்தார்கள். பெரியவர் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துபோய் வைத்தார். பெட்டி நிறையக் கழிவு. டிவிக்காரனுக்கு டிவி வால்வை விட வேறென்ன வேண்டும் என்று அவர் சொன்னதும், வந்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. சின்னவனும் சிரித்தான். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மாமனார் அன்று ஊரில் இல்லை.

மற்ற மூன்றையும் உருவி ஊதினார். க. க. க.

இது என் கடைச் சரக்கு மாமா என்று இப்போதே எழுப்பிச் சொல்லலாம். சொன்னால், அது எப்படிச் சின்னவனிடம் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ‘க’வை மாமனாருக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வரும்போதெல்லாம் கழிவு அலமாரியைக் காட்டி, இதென்ன மாப்ளே என்று கேட்டிருக்கிறார். கழிவு மாமா என்று இவரும் சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சின்னவன் மறைத்தது நம்பரை அல்ல, அந்த ‘க’வை.

கண்ணாடியிலிருந்த பனி தானாகக் காய்ந்தது. வால்வுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அழுத்தினார். கடைசி வால்வு உட்காரும்போது ஈசிசேர் முனகியது. என்ன மாப்ளே அங்கே என்றார் மாமனார்.

“ஒண்ணுமில்ல மாமா. தூசி.”

மூடியைப் போட்டுத் திருகியபடியே மனசுக்குள் கணக்கைக் கூட்டினார். சகலைக்குக் கொடுத்தது: ஒரு பெட்டி கழிவு, ஊர் கூடி ஒரு சிரிப்பு. அவன் திருப்பியது: நாலு கண்ணாடி, துடைத்தது. கழித்துப் பார்த்தால் இவர் தரவேண்டிய பாக்கிதான் நின்றது. அதை மாமனாரைச் சாட்சி வைத்து, எல்லாவற்றையும் சொல்லித்தான் தீர்க்க முடியும்.

இவ்வளவு வருஷ வியாபாரத்தில் முதல் முறையாக, இன்று வேண்டாம் என்று அவரே தவணை கேட்டுக்கொண்டார்.