தேய்ந்த வளையம்

இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் குருவிகளை வலையில் பிடித்து, காலில் எண் வளையம் மாட்டி அனுப்பும் கடலோர நிலையம் அது. விடிந்ததிலிருந்து குனிந்தே இருந்ததில் அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அறுபதாவது குருவிக்கு ஏற்கெனவே வளையம் இருந்தது. ஐந்தாறு வருஷம் தேய்ந்த வளையம். எண்ணை வாசித்தாள். பதிவேடு எழுதும் தம்பி பேனாவைக் கீழே வைத்தான்.

“அந்த நம்பர இன்னும் மாட்டவேயில்லக்கா. அடுத்தது அதுதான்.”

வளையங்கள் கோத்த கம்பியின் நுனியில் அதே எண் வளையம் புத்தம்புதிதாகத் தொங்கியது.

“சரி, எழுதிக்கோ” என்று குருவியைப் பறக்கவிட்டாள்.

பிடித்த குருவிகளைப் போட்டுவைக்கும் துணிப்பைகளில் அடுத்ததில் அதே இனம், இந்த வருஷக் குஞ்சு. உள்ளங்கையில் வெடவெடத்தது.

“அந்த வளையத்த ஒதுக்கி வச்சிடலாமாக்கா?”

“ஒதுக்கிட்டா இது எப்படிடா அஞ்சாறு வருஷம் பிழைக்கும்?” என்று அக்கா அதையே எடுத்து மாட்டினாள்.